மினிட்ஸ் புத்தகத்தில் ‘கர்த்தர் சொன்னார்’ என்று எழுதலாமா?

மாந்தோப்பு செக்ரட்டரி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். காவேரிப்பட்டணத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் ஒரு கிராமத்துச் சபைக்கு நான் செயலாளர். எந்த மிஷன் என்று கேட்காதீங்க. சொன்னால் இன்றைக்கு ராத்திரியே எங்கள் போதகர் ஐயா வீட்டுக்கு ஃபோன் போய்விடும். வாரநாளில் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமை சபைக் கணக்கு. மினிட்ஸ் புத்தகமும் என் பையில்தான் இருக்கிறது. என் கேள்வியே அதைப் பற்றித்தான்.

கோயிலுக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் மாந்தோப்பு. முக்கால்வாசி பெங்களூரா, அதாவது கிளிமூக்கு. ஓரத்தில் கொஞ்சம் செந்தூரா. பூ நிற்கும்போதே வியாபாரி வந்து பார்த்து, விலை பேசி, அந்த வருஷத்துக் காயைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்வார். மாங்கூழ் ஃபேக்டரிகளில் நல்ல விலை போகிற வருஷம் எங்களுக்கும் கை நிமிரும். காய் விலை விழுந்த வருஷம் கெஞ்சித்தான் ஆள் பிடிக்க வேண்டும். எப்படியோ விதவைகளுக்கு மாதாமாதம் கொடுக்கிறதும், ஜூன் மாதம் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிறதும் இந்தப் பணத்தில்தான்.

தை மாதம் எழுப்புதல் கூட்டம் வைத்தோம். வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்தார். கடைசி ராத்திரி ஜெபத்தில், “இந்த ஆலயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கட்டடம் எழும்புவதைக் கர்த்தர் எனக்குக் காட்டுகிறார், ஜனங்கள் திரளாய் வருகிறார்கள்” என்றார். ஆமென், ஆமென் என்று தகரக் கூரையே அதிர்ந்தது. அடுத்த கமிட்டியில் பொருளாளர் அண்ணன் கல்யாண மண்டபத்துக்குப் பிளான் போட்டுக் கொண்டுவந்து விரித்தார். தோப்பில் பாதியை வெட்ட வேண்டும். (பிளானில் இருந்த தேதி, கூட்டத்துக்கு முந்தின மாதம். இதை இங்கே மட்டும்தான் சொல்கிறேன்.)

மண்டபம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. நம்ம ஜனங்கள் ஒரு கல்யாணத்துக்குக் கிருஷ்ணகிரி வரைக்கும் அலைகிறார்கள், வாடகை கேட்டால் தலை சுற்றுகிறது. என் கவலை வேறு. அன்றைக்குக் கமிட்டியில் யாருமே பேசவில்லை. மூப்பர் தாத்தா ஒருத்தர், “அந்த மரமெல்லாம் எங்கப்பா காலத்துல வெச்சது…” என்று ஆரம்பித்தார். “கர்த்தரே சொன்ன பிறகு நாம என்ன தாத்தா பேசுறது?” என்று ஒரு குரல் வந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விவாதம் முடிந்தது.

‘கர்த்தருடைய வெளிப்படுத்தலின்படி மண்டபம் கட்டத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதச் சொல்கிறார்கள். அப்படி எழுதினால் கையெழுத்துப் போடாதவன் கர்த்தருக்கு விரோதி என்று ஆகிவிடாதா? நான் இன்னும் எழுதவில்லை. அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

ஓட்டுக்கு விடலாம் என்றால், போன கமிட்டி எலெக்ஷனில் பிரிந்த இரண்டு குடும்பம் இன்னும் ஒரே பெஞ்சில் உட்காருவதில்லை. சீட்டுப் போடலாம் என்கிறார் ஒருவர். சபையாகக் கூடி, இது தேவசித்தமா என்று நிதானித்துப் பார்க்கிற வழக்கம் உங்கள் பக்கம் எங்கேயாவது இருக்கிறதா? இருந்தால் நடைமுறையைச் சொல்லுங்கள். யார் முதலில் பேசுவது, எப்போது நிறுத்துவது, கடைசியில் என்ன எழுதுவது? “ஜெபியுங்கள் சிஸ்டர்” என்று மட்டும் போடாதீங்க. அதை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

உபவாச வீரன்

சீட்டுப் போடுங்கள் சிஸ்டர். “சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்” நீதிமொழிகள் 16:33. யூதாசின் இடத்துக்கு மத்தியாவை அப்படித்தானே தெரிந்துகொண்டார்கள்? இன்னொன்று, ஊழியக்காரர் சொன்னதை ஆராய்ச்சி பண்ணுவது ஆபத்து. “ஆவியை அவித்துப்போடாதிருங்கள்” என்று வசனம் இருக்கிறது. பயத்தோடு நடந்துகொள்ளுங்கள்.

ரிட்டயர்டு வாத்தியார், கிருஷ்ணகிரி

செக்ரட்டரி அம்மாவுக்கு வாழ்த்துகள். அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டீர்களே, அதற்கு.

தம்பி உபவாச வீரன் சொன்ன வசனம் 1 தெசலோனிக்கேயர் 5:19. அதற்கு அடுத்த வசனங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும்: “தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.” அவிக்காதே என்று சொன்ன அதே மூச்சில் சோதித்துப் பார் என்கிறார் பவுல். 1 கொரிந்தியர் 14:29 இன்னும் வெளிப்படை: “தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்.” கூட்டத்தில் சொன்னவர் தன் வேலையை முடித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். மற்றவர்களுடைய வேலை இன்னும் ஆரம்பிக்கவேயில்லை. உங்கள் தாத்தாவை உட்கார வைத்தவர்தான் வசனத்தை மீறினார். தாத்தா மீறவில்லை.

சீட்டைப் பற்றி. மத்தியாவுக்குச் சீட்டுப் போட்டது பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்னால். ஆவி இறங்கின பிறகு அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு இடத்திலும் சீட்டு இல்லை. ஆறாம் அதிகாரத்தில் பந்தி விசாரிப்புக்கு ஏழு பேரைச் சபையே பார்த்துத் தெரிந்துகொள்கிறது. பதினைந்தில் எருசலேமில் கூடிப் பேசுகிறார்கள், மிகுந்த தர்க்கம் உண்டாயிற்று என்றே லூக்கா எழுதுகிறார். சண்டை போட்டதை மறைக்கவில்லை பாருங்கள். பிறகு பேதுரு பேசுகிறார், பவுலும் பர்னபாவும் நடந்ததைச் சொல்கிறார்கள், கூட்டம் அமைதியாகக் கேட்கிறது, கடைசியில் யாக்கோபு ஆமோஸின் வசனத்தை எடுத்து முடிக்கிறார். அதற்குப் பிறகுதான் “பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக்கண்டது” என்று நிருபம் எழுதினார்கள். உங்கள் கமிட்டி அந்த வாக்கியத்தை முதல் நாளே எழுதச் சொல்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 21-ஆம் அதிகாரம். அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கையையும் காலையும் கட்டிக்கொண்டு, எருசலேமில் இந்தக் கச்சையை உடையவனை இப்படிக் கட்டுவார்கள் என்கிறார். சொன்னது சரிதான், அப்படியே நடந்தது. ஆனால் அதைக் கேட்ட சீஷர்கள், லூக்கா உட்பட, அதனால் நீர் போகவேண்டாம் என்று அழுதார்கள். அகபு போகாதே என்று சொல்லவேயில்லை! அது இவர்களாகச் சேர்த்துக்கொண்டது. பவுல் தீர்க்கதரிசனத்தை ஒத்துக்கொண்டார், சேர்த்ததை ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் எல்லாரும் “கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது” என்று அமர்ந்தார்கள்.

உங்கள் ஊழியக்காரர் கட்டடம் என்றார். கல்யாண மண்டபம் என்று சொன்னது யார்?

(நான் லுத்தரன். 1895-ல் நேதர் என்ற மிஷனரி கிருஷ்ணகிரிக்கு வந்து ஆரம்பித்த வேலையில் விளைந்த சபை. 1904-ல் பிளேக் நோயில் அவர் இங்கேயே இறந்துபோனார். வேதத்துக்கு வெளியே யாராவது வெளிப்பாடு என்றால் எங்களுக்குக் கொஞ்சம் கூச்சம் வரும். அதைக் கழித்துக்கொண்டு நான் சொன்னதை வாசியுங்கள்.)

எலத்தகிரி பக்கம்

இயேசுவுக்கே புகழ். நான் கத்தோலிக்கப் பெண், எங்கள் அன்பியத்தின் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சின்னக் குழு) பொறுப்பாளர். நடைமுறை கேட்டீர்கள், அதை மட்டும் சொல்கிறேன்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021-ல் தொடங்கிவைத்து 2024 அக்டோபரில் முடிந்த ஆயர்கள் மாமன்றத்துக்காகப் பங்குகளிலும் கூடிப் பேசச் சொன்னார்கள். ரோமில் நடந்த அமர்விலும் ஆயர்கள், துறவியர், பொதுநிலையினர் எல்லாரும் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான் பேசினார்கள். தூய ஆவியில் உரையாடல் என்று அதற்குப் பெயர். மூன்று சுற்று. முதல் சுற்றில் ஒவ்வொருவரும் செபத்தில் தன் மனதில் பட்டதைச் சொல்வார்கள். யாரும் பதில் சொல்லக் கூடாது, தலையாட்டல்கூட வேண்டாம். பிறகு மௌனம். இரண்டாம் சுற்றில் உங்கள் கருத்தைத் திரும்பச் சொல்லக் கூடாது. அடுத்தவர் சொன்னதில் எது உங்களைத் தொட்டது, எது உறுத்தியது என்று மட்டும் சொல்ல வேண்டும். மறுபடி மௌனம். மூன்றாவதில்தான் எங்கே ஒத்துப்போகிறோம், எங்கே இல்லை, அடுத்த அடி என்ன என்று பேசுவது.

எங்கள் அன்பியத்தில் முதல் சுற்று ரொம்பக் கஷ்டப்பட்டது. ஒரு பெரியவர் திருப்பாடலில் ஆரம்பித்து அவருடைய மகன் வேலைக்குப் போன கதை வரைக்கும் போய்விட்டார். அடுத்த தடவை ஃபோனில் டைமர் வைத்தோம். இரண்டாம் சுற்று நான் எதிர்பார்க்காத விதத்தில் வேலை செய்தது. அடுத்தவர் சொன்னதைத்தான் சொல்ல வேண்டும் என்றால், முதலில் அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டுமே! பேச்சுவார்த்தை நின்றுபோன மாமியாரும் மருமகளும் ஒருத்தர் சொன்னதை ஒருத்தர் எடுத்துச் சொன்னார்கள். அதற்காகச் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

இதற்கெல்லாம் மூத்த முன்மாதிரி ஒன்று உண்டு. 1539-ல் புனித இஞ்ஞாசியாரும் தோழர்களும் ரோமில், எங்களில் ஒருவருக்குக் கீழ்ப்படிவோம் என்று வார்த்தைப்பாடு கொடுக்கலாமா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. தவக்காலத்தின் நடுவில் தொடங்கி ஜூன் 24 வரைக்கும் போயிற்று. பகலில் அவரவர் பணி, இரவில் கூடிப் பேசுவது. அவர்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு இதுதான். வெளியில் ஒருவரை ஒருவர் தன் பக்கம் இழுக்கக் கூடாது. தான் இந்தக் குழுவைச் சேராத அந்நியன் என்று நினைத்துக்கொண்டு யோசிக்க வேண்டும். ஒரு நாள் எல்லாரும் வேண்டாம் என்பதற்கான காரணங்களை மட்டும் சொல்ல வேண்டும், வேண்டும் என்கிறவரும்கூட. இன்னொரு நாள் எல்லாரும் வேண்டும் என்பதற்கான காரணங்களை. அடுத்த வருடம் திருத்தந்தை மூன்றாம் பவுல் அவர்கள் தொடங்கிய இயேசு சபைக்கு அங்கீகாரம் கொடுத்தார்.

உங்கள் பொருளாளர் அண்ணன் தன் வாயாலேயே மண்டபம் ஏன் வேண்டாம் என்று இரண்டு காரணம் சொல்கிற நாளை யோசித்துப் பாருங்கள்.

ஓசூர் நைட் ஷிஃப்ட்

அக்கா, நான் உங்க ஏரியாதான், பத்து வருஷமா ஓசூர்ல கம்பெனி வேலை. எல்லாரும் வசனமும் வரலாறும் சொல்லிட்டாங்க. நான் மூணு கேள்வி கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க.

பத்திரம் யார் பேர்ல இருக்கு? சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை)ன்னா நிலமெல்லாம் பொதுவா 1947-ல பதிவான டிரஸ்ட் அசோசியேஷன் பேர்ல இருக்கும், டயோசிஸ் சம்மதம் இல்லாம லோக்கல் கமிட்டி ஒண்ணும் பண்ண முடியாது. வேற மிஷன்னாலும் ஏறக்குறைய இதே கதைதான். நீங்க மாசக்கணக்கா உபவாசம் இருந்து நிதானிச்ச பிறகு, மேல ஆபீஸ்ல ஒரே வரியில முடியாதுன்னு லெட்டர் வரும். முதல்ல வில்லங்கம் போட்டுப் பாருங்க.

காண்ட்ராக்ட் யாருக்கு? பிளான் போட்டுக் கொடுத்த இன்ஜினியர் யாருக்குச் சொந்தம்? இதைக் கேட்டா அவிசுவாசம்னு சொல்வாங்க. கேளுங்க. சொந்தம் இருந்தா தப்புன்னு சொல்லல, இருந்தா அவங்க அதைச் சொல்லிட்டு உட்காரட்டும்.

மூணாவது, கூட்டம் எப்போ? எங்க ஊர்ல வயசுப் பசங்க பாதிப் பேர் பெங்களூருல கட்டட வேலை, மீதி ஓசூர். ஞாயிறு காலை ஆராதனைக்கே லீவு கிடைக்கிறதில்ல. பண்டிகைக்கு மட்டும் வந்து போறவங்களைக் கேக்காம எடுக்குற முடிவைச் சபை முடிவுன்னு எப்படிக்கா சொல்றது? மண்டபம் கட்டினா கடனை அடைக்கப் போறதே அவங்க சம்பளம்தான். ஈஸ்டருக்கு எல்லாரும் ஊருக்கு வருவாங்க, அப்ப வைங்க.

எலத்தகிரி பக்கம்

தம்பி சொன்னதற்கு ஆதரவாக ஒன்று. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கில், முக்கியமான காரியம் என்றால் மடத்தில் உள்ள எல்லாரையும் கூட்டுங்கள், ஆண்டவர் பல நேரம் இளையவருக்குத்தான் நல்லதை வெளிப்படுத்துகிறார் என்று இருக்கிறது. மடாதிபதிக்கே முழு அதிகாரம் கொடுத்த அதே ஒழுங்கில்தான் இதுவும்.

மாந்தோப்பு செக்ரட்டரி

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. உபவாச வீரன் அண்ணனுக்கு: எனக்கும் பயம் இருக்கிறது, அதனால்தான் கேட்டேன். பயம் இல்லாதவள் என்றால் சொன்னபடி எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்பேன்.

நடந்ததைச் சொல்கிறேன். வாத்தியார் ஐயா சொன்ன 21-ஆம் அதிகாரத்தை எங்கள் ஐயாவிடம் கொண்டுபோனேன். மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “ஐயா, அகபு இவ்வளவுதானே சொன்னார்?” என்று மட்டும் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். “நல்ல கேள்வி” என்றார், சிரிக்கவில்லை. ஈஸ்டருக்கு மறுநாள் முழுச் சபையையும் கூட்டலாம், அதுவரை தீர்மானம் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெங்களூர் பிள்ளைகள் அன்றைக்குச் சாயந்தரம்தான் பஸ் ஏறுவார்கள், அதனால் காலையிலேயே வைக்கிறோம். ஐயாவின் மனைவி ஐயரம்மா பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மூன்று சுற்றை முன்கூட்டியே ஒரு தடவை பழக்கிப் பார்க்கிறேன் என்றார்கள்.

பத்திரத்தைத் தேடினோம். சபை பேரில் இல்லை, மிஷன் பேரில்தான் இருக்கிறது. தம்பி சொன்னது சரியாகப் போயிற்று. மண்டபம் வேண்டும் என்கிறவர்கள் முகம் கொஞ்சம் தொங்கிவிட்டது. எனக்கு அதில் சந்தோஷம் வந்ததை நானே கவனித்தேன், அந்தச் சந்தோஷத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டியதுதான். தோப்பு காப்பாற்றப்பட வேண்டும் என்று கர்த்தர் சொல்கிறாரா, இல்லை குத்தகைக் கணக்கு என் கையை விட்டுப் போகக் கூடாது என்று நான் சொல்கிறேனா? இன்னும் தெரியவில்லை. வியாபாரிக்கு இந்த வருஷக் காய் ஆடி வரைக்கும் பேசி முடிந்துவிட்டது, முன்பணமும் வாங்கியாயிற்று. அதுவரை எப்படியும் மரத்தில் யாரும் கை வைக்க முடியாது.

சந்தேகம் இன்னும் இருக்கிறது. எங்கள் சபையில் பாட்டிமார் நாலைந்து பேர் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். தமிழில் பாட்டு பாடுவார்கள், ஜெபம் என்று வந்தால் தெலுங்கு. கூட்டத்தில் தமிழில் பேசச் சொன்னால், “எல்லாம் ஐயா சொல்றபடி” என்று மூன்றே வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். இவர்களில் இரண்டு பேர் அந்த விதவைப் பணத்தை வாங்குகிறவர்கள், அதனாலேயே வாயைத் திறக்கமாட்டார்கள். இவர்களை எப்படிப் பேச வைப்பது? மூன்று சுற்றிலும் மனம் ஒன்றாகவில்லை என்றால் நான் என்ன எழுதுவது?

எலத்தகிரி பக்கம்

பாட்டிமாரைத் தெலுங்கிலேயே பேசச் சொல்லுங்கள். பேத்தி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து அப்படியே தமிழில் சொல்லட்டும், சுருக்காமல். எங்கள் பக்கமும் தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள் உண்டு, இப்படித்தான் செய்தோம். பணம் வாங்குகிறவர்களை மட்டும் தனியாகக் கேட்காதீர்கள், கூசிப்போவார்கள். பத்துப் பேர் கொண்ட சின்ன வட்டங்களாக உட்கார வையுங்கள். ஒரு வட்டத்தில் கமிட்டி ஆள் ஒருவருக்கு மேல் வேண்டாம். வட்டத்தில் சொன்னதை யார் சொன்னார் என்ற பெயர் இல்லாமல் ஒருத்தர் எழுந்து பொதுவில் வாசிக்கட்டும்.

ரிட்டயர்டு வாத்தியார், கிருஷ்ணகிரி

மினிட்ஸ் எழுதுவதற்குக் குவேக்கர் என்கிற நண்பர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றியவர்கள், காரியக் கூட்டத்தில் ஓட்டுப் போடமாட்டார்கள். எழுத்தர் என்று ஒருவர், கூட்டத்தின் மனம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்து, அங்கேயே எழுதி, அங்கேயே உரக்க வாசிப்பார். ஆம், நாங்கள் சொன்னது இதுதான் என்று கூட்டம் ஒத்துக்கொண்டால்தான் அது பதிவு. இல்லையென்றால் திருத்துவார்கள். மனம் ஒன்றாகவில்லை என்றால் ஒன்றாகவில்லை என்றே எழுதி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பார்கள். அதை அவர்கள் தோல்வியாக எண்ணுவதில்லை. ஆக, நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் எழுத வேண்டாம் அம்மா. அங்கேயே எழுதி, எழுந்து நின்று வாசித்துவிடுங்கள்.

எழுத வேண்டியது என்று நான் நினைப்பது: இன்ன தேதியில் ஒரு ஊழியர் கட்டடம் ஒன்றைக் கண்டதாகச் சொன்னார். அது என்ன கட்டடம் என்று அவர் சொல்லவில்லை. சபை கூடி ஜெபித்து நிதானித்தது. இன்னின்னதில் மனம் ஒத்தது, இன்னின்னதில் ஒக்கவில்லை. அவ்வளவுதான். ஊழியர் சொன்னதைச் சொன்னபடி எழுதினால் உபவாச வீரன் தம்பிக்கும் குறை இருக்காது என்று நம்புகிறேன்.

உபவாச வீரன்

சொன்னபடி எழுதினால் எனக்குக் குறை இல்லை ஐயா. ஒரு வேண்டுகோள், அந்த ஊழியக்காரருக்கும் ஒரு ஃபோன் போட்டு, நீங்கள் பார்த்தது என்ன என்று கேட்டுவிடுங்கள். அவரை விட்டுவிட்டு அவர் சொன்னதை மட்டும் சோதிப்பது நியாயமில்லை.

மாந்தோப்பு செக்ரட்டரி

நியாயம் அண்ணா. நம்பர் ஐயாவிடம் இருக்கிறது, அவரையே கேட்கச் சொல்கிறேன்.

ஐயா இன்று காலையில் என்னிடம் ஒன்று கேட்டார்: “வட்டத்துல நான் எப்பம்மா பேசணும்?” எனக்குப் பதில் தெரியவில்லை. வாத்தியார் ஐயா, நீங்களே சொல்லுங்கள்.

ரிட்டயர்டு வாத்தியார், கிருஷ்ணகிரி

கடைசியில். யாக்கோபும் எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். முதல் சுற்றில் ஐயா நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு எழுதட்டும். பொருளாளருக்கும் ஒரு நோட்டு கொடுத்துவிடுங்கள்.